மாத்திரை போடாமல் வரவும்

உத்திரமேரூரில் என் வீட்டுக்காரரை சென்னை பஸ்ஸில் ஏற்றுவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. மானாம்பதியில் டிராக்டர் ஓட்டிய மனுஷன் தமிழரசன். நடுக்குவாதம் வந்தபிறகு மாத்திரை உள்ளே போனால்தான் கால் நகரும். முந்தின ராத்திரியிலிருந்தே மாத்திரை கொடுக்கவில்லை. கொடுக்கவே கூடாது என்று சென்னை ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். மாத்திரை இல்லாமல் எவ்வளவு மோசம், அவர்களே கொடுத்தால் எவ்வளவு தேறுகிறார் என்று பார்த்து மார்க் போடுவார்களாம். அந்த மார்க்கை வைத்துத்தான் தலையில் ஆபரேஷன் செய்யலாமா என்று முடிவாகும்.

"காலங்காத்தால ஊத்திக்கினு வந்துட்டான் பாரு," என்றான் பின்சீட்டுக்காரன் ஒருவன்.

"யோவ், உன் வாயில மண்ணைப் போட! வியாதிய்யா அது!" என்று கத்தினேன். இவர் எதிர்சீட்டையே பார்த்துக்கொண்டு இருந்தார். மாத்திரை இல்லையென்றால் முகமும் இறுகிவிடும், அழக்கூட வராது.

ஆஸ்பத்திரியில் அவரை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டோக்கனுக்கு வரிசையில் நின்றேன். கூட்டமோ கூட்டம். திரும்பி வந்தும் ரொம்ப நேரம் காத்திருந்தோம். பெயரைக் கூப்பிட்டதும் தூக்கிவிடக் குனிந்தேன். அவர் என் கையை விலக்கினார். தானே எழுந்தார். நான் இஸ்திரி போட்டுக்கொடுத்த வெள்ளைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே நடந்தார். மாத்திரை இல்லாமல் இப்படி நடக்கவே மாட்டாரே என்று பின்னாலேயே ஓடினேன்.

டாக்டரம்மா விரலைத் தட்டச் சொன்னார், இவர் தட்டினார். நடக்கச் சொன்னார், நடந்தார்.

"மாத்திரை போட்டீங்களா?"

"ஜோபியில ஒண்ணு வெச்சிருந்தேன் மேடம். பக்கத்துல கீற ஆள வாயில போடச் சொன்னேன். உங்க முன்னாடி பொணமாட்டம் வந்து கெடக்கக் கூடாதுன்னு..."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "ராத்திரியிலேர்ந்து நிறுத்தியிருக்கணும்மா. இன்னைக்கு டெஸ்ட் பண்ண முடியாது. இனிமே பொங்கல் கழிச்சுத்தான் தேதி இருக்கு."

"சோறே தொண்டையில எறங்கல மேடம். பொங்கல் வரைக்கும் தாங்குவாரா?" மாத்திரை இல்லாதபோது போனில் எடுத்த வீடியோவைக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார். இதை வைத்து மார்க் போட முடியாது என்றார்.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "பாவி மனுசா, இன்னா காரியம் பண்ணி வெச்சுகீற? இதுக்கா உன்னைத் தூக்கிக்கினு வந்தேன்?"

"நீ வரிசையில நின்னப்போ எனக்கு எச்சில் வழிஞ்சுக்கினு இருந்துச்சு திலகா. பக்கத்துல ஒரு கொயந்த. அவங்கம்மா அதைத் தூக்கிக்கினு எட்டிப் போயிடுச்சு. தாங்க முடியல."

கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். வெளிவாசல் நிலைப்படியில் இவர் கால் நின்றுவிட்டது. அந்த ஒற்றை மாத்திரையின் வேகம் இறங்கிவிட்டது. கை வெடவெடவென்று ஆடியது, முகம் கட்டை ஆகிவிட்டது. சுவரில் சாய்த்துவிட்டு ஓடினேன். மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்த டாக்டரம்மாவின் கையையே பிடித்துவிட்டேன்.

"மேடம், உங்க கால்ல வியறேன். இப்ப வந்து பாருங்க. இதான் மேடம் அவரு!"

பாவம், அந்தம்மா வந்தார். இவர் வாயோரம் எச்சில் வழிந்து வெள்ளைச் சட்டையில் இறங்கிக்கொண்டிருந்தது. கண் மட்டும் என்னைப் பார்த்தது. துடைத்துவிடு என்று கெஞ்சியது. முந்தானையை எடுத்த கையை இழுத்துக்கொண்டேன். நல்லா பார்க்கட்டும் என்று நின்றேன்.

"எனக்குத் தெரியும்மா. தினம் பார்க்கிறேன்," என்றார் டாக்டரம்மா. "ஆனா பொங்கலுக்கு முன்னாடி இடம் இல்லை." இவர் தோளைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார்.

இவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம்தான் துடைத்துவிட்டேன்.