அவர் சாப்பிட்ட அன்று

வந்துவிட்டாரே, வெந்நீர் வைக்கச் சொல்லவில்லையே என்றுதான் ஒப்பியா முதலில் நினைத்தாள். முன்கூடத்தில் அந்தச் செருமல் கேட்டது. சின்னதாக இரண்டு, பிறகு நீளமாக ஒன்று. கணவர் வெராட்டியுஸின் செருமல். சும்மா நின்ற தறியருகே உட்கார்ந்திருந்தவள் எழுந்தேவிட்டாள். அப்புறம்தான் மெழுகு வாசனை மூக்கில் ஏறியது. வாசல் பக்கம் கால் நீட்டி அவர் கூடத்தில் உயிரில்லாமல் கிடக்கிறார். முகத்துக்குக் காலையிலேயே அச்சு எடுத்தாகிவிட்டது.

செருமியவன் பிலோ என்ற கூத்தாடி. நாளைய இறுதி ஊர்வலத்தில் அந்த மெழுகு முகத்தை மாட்டிக்கொண்டு, அவருடைய சிவப்புக் கரை போட்ட பதவி அங்கியில், அவராகவே நடக்கப்போகிறவன்.

கொழுந்தன் ஸ்பூரியுஸ் அவனை உள்ளே கூட்டி வந்தார். இடது காலை லேசாக இழுக்கும் நடைகூட அவனுக்குப் படிந்திருந்தது.

"செத்தவங்க மாதிரி நடக்கிறது சுலபம்மா. திருத்த வரமாட்டாங்க" என்றான் பிலோ.

ஸ்பூரியுஸ் முறைத்தார். ஒப்பியாவுக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்திருப்பார் என்று தோன்றியது.

ஸ்பூரியுஸ் கேட்டது ஒன்றுதான். ரோம் முழுக்கத் தெரிந்த கதை அது. வெராட்டியுஸ் ரோமின் உச்சப் பதவியான கான்சலாக இருந்த வருஷம், பகைவனுக்குக் கோட்டைக் கதவைத் திறந்துவிடத் துணிந்த இளைஞர்களோடு அவருடைய ஒரே மகன் குவிண்டஸும் பிடிபட்டான். மற்றவர்களுக்குச் சொன்ன மரண தீர்ப்பையே மகனுக்கும் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாராம். பள்ளிப் பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். ஸ்பூரியுஸின் மகன் அடுத்த தேர்தலில் நிற்கிறான். ஊர் கூடும் சதுக்கத்தில் பிலோ அந்தச் சாப்பாட்டை நடித்துக் காட்ட வேண்டும். அன்று பார்த்தவள் ஒப்பியா மட்டும்தான்; அவர் எப்படிச் சாப்பிட்டார் என்று அவள் சொல்ல வேண்டும்.

குவிண்டஸுக்காக யாரும் அழக்கூடாது என்று உத்தரவு. அவன் முகத்துக்கு மெழுகு வார்க்கவில்லை. முன்னோர் முகங்கள் இருக்கும் மாடத்தில் அவனுக்கு இடமில்லை.

அன்று அவர் சாப்பிட உட்கார்ந்தது நிஜம். ரொட்டியைப் பிட்டு எண்ணெயில் தோய்த்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. எண்ணெய் முழங்கை வரை வழிந்தது. காலியாக இருந்த இடத்தைப் பார்த்து, தினமும் கேட்பதுபோலக் கேட்டார்: "பையனுக்கு எடுத்து வச்சியா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் அவர் கையிலிருந்த ரொட்டியை வாங்கிக் கீழே வைத்தாள். அதைப் பற்றி இருவரும் பிறகு ஒரு நாளும் பேசியதில்லை. யாராவது அந்த நாளைப் புகழ்ந்தால் அவர் செருமுவார். அந்தச் செருமலே அதற்குப் பிறகு வந்ததுதான். பிலோவுக்கு அது தெரியாது.

உள்ளதைச் சொன்னால் பிலோ அந்தக் கேள்வியையும் நடிப்பான், மகன் நாளை சதுக்கத்தில் வேடிக்கைப் பொருளாவான். சாப்பிட்டார் என்று சொன்னால், அந்தக் கேள்வியைக் கேட்ட மனிதரை அவளே இல்லாமல் ஆக்கியதாகும்.

"நிதானமா சாப்பிட்டாரா, அவசரமாவா? அதை மட்டும் சொல்லுங்க அண்ணி."

"நடை இருக்கு, செருமல் இருக்கு. அதை வச்சு நடத்திக்கோங்க தம்பி."

"அண்ணனோட பேரே அந்தச் சாப்பாடுதானே அண்ணி?"

அவள் மறுபடி தறியருகே உட்கார்ந்தாள்.

"பேரை நீங்க எடுத்துக்கோங்க" என்றாள். "அன்னைக்கு நடந்ததை நான் சொல்றதா இல்ல."