பாதித் தலை

ஜலாலுதீன் சார் மறுபடியும் போன் பண்ணினார் என்று என் வீட்டுக்காரர் சொன்னபோது ஒரு நிமிடம் என் மனசு குளிர்ந்துவிட்டது. வெட்கங்கெட்ட மனசு. மகள் ஷெமியின் நிக்காஹ் விஷயமாகத்தான் இருக்கும், மனுஷனுக்கு நல்ல புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"பேரப்பிள்ளைக்கு நாளைக்கு ஏழாம் நாளாம். தலைமுடி எடுக்கணுமாம். வீட்டுக்கு வரச் சொன்னாரு," என்றார் அவர்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் மகள் வேண்டாம் என்று அந்த வாய் சொல்லி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பழவங்காடியில் கோயில் முக்குக்குப் பின்னால் ஒரு சந்தில் என் வீட்டுக்காரர் மாஹீன்கண்ணுவின் சலூன் இருக்கிறது. முஸ்லிம்களில் முடிவெட்டும் குடும்பங்களை எங்கள் பக்கத்தில் ஒசா என்பார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. கல்யாணப் பேச்சு வந்தால் மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிடும். ஷெமி ஒரு ஸ்கேன் சென்டரில் டெக்னீஷியன். அங்கே கணக்குப் பார்க்கும் அன்ஸில், ஜலாலுதீன் சாரின் மகன். ஒருவரையொருவர் பிடித்துப்போய், அவனே வீட்டுக்கு வந்து எங்களிடம் பெண் கேட்டான். தரையைப் பார்த்துப் பேசினான். நல்ல பையன் என்று நானும் நம்பினேன்.

சார் ஒரு சங்கம் நடத்துகிறார். தர்கா கூடாது, மௌலூதுப் பாட்டு கூடாது, எல்லாம் பிற்காலத்தில் நுழைந்தவை, மார்க்கத்தைச் சுத்தப்படுத்த வேண்டும் என்பார். இஸ்லாத்தில் ஜாதி கிடையாது என்று அவர் மைக்கில் பேசினால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். என் வீட்டுக்காரருக்கும் கலங்கியது. வாப்பா காலத்திலிருந்து போய்க்கொண்டிருந்த தர்காவை விட்டுவிட்டு, சாரின் வகுப்பில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். தோளோடு தோள் ஒட்டி நின்று தொழுகிறோம், இனி யார் நம்மை ஒசா என்று சொல்லுவான் என்று என்னிடம் கேட்டார். பாவம், அப்படி ஒரு மனுஷன்.

பெண் கேட்டது தெரிந்ததும் சார் சொல்லி அனுப்பிய முதல் பதில் இது. தாடியை மழிப்பது ஹராம், அந்தக் கூலியும் ஹராம், அந்தக் கூலியில் வளர்ந்த வீட்டிலிருந்து எப்படிப் பெண் எடுப்பது? அதை நிறுத்தினால் பேசலாம்.

மறுநாளே என் வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். 'தாடி மழிக்கப்படமாட்டாது' என்று தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சின்ன போர்டு எழுதி வாங்கிக் கண்ணாடிக்கு மேலே மாட்டினார். பழவங்காடியில் காலை வியாபாரமே சவரம்தான். சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் கோலப்பன் அண்ணாச்சி, நாஞ்சில்நாட்டுக்காரர், எங்கள் நாற்காலியைத் தவிர வேறு நாற்காலியில் உட்காராதவர், போர்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். "என்னடே மாஹீன், நான் உங்க மதமே இல்லையே. என் தாடி உன்னை என்னடே செய்யும்?" அண்ணாச்சியோடு பாதிக் கடையும் எழுந்து போய்விட்டது.

அதற்குப் பிறகுதான் இரண்டாவது பதில் வந்தது. வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின் இவர் தோளில் கைபோட்டு சார் சொன்னாராம்.

"மாஹீன்கண்ணு, நீ தப்பா நினைக்கண்டா. இது ஜாதியொன்னும் அல்ல. நிக்காஹ்னா குஃப்வு நோக்கணும். கிதாபுலயே உண்டு."

குஃப்வு என்றால் பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் தகுதியில் ஒத்துப்போவதாம். தொழில், பரம்பரை எல்லாம் அதில் வருமாம். ஜாதியை மலையாளத்தில் சொன்னால் பாவம், அரபியில் சொன்னால் மார்க்கம். ஷெமி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வாப்பாவிடம் எப்படியாவது பேசிச் சம்மதிக்க வைக்கிறேன் என்று அன்ஸில் தினமும் அவளுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தான்.

இந்த லட்சணத்தில்தான் ஏழாம் நாள் முடியெடுக்க அழைப்பு.

"போகாதீங்க. அவங்க வீட்டு ஆளுக எடுக்கட்டும். கை இல்லியா அவங்களுக்கு?" என்று கத்தினேன்.

"வாறேன்னு சொல்லிட்டேன்," என்றார்.

காலையில் கடைக்குப் போய்க் கத்திப் பையை எடுத்துக்கொண்டு வந்தார். இவ்வளவு கோழையா ஒரு மனுஷன் என்று நினைத்தேன். தனியாக விட மனசில்லாமல் நானும் கூடப் போனேன்.

வீடு நிறைய ஆட்கள். பின்னால் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. என்னை அடுக்களைக்கு அந்தப் பக்கம் வொர்க் ஏரியாவுக்குக் கூட்டிப்போய் ஒரு ஸ்டூலைக் காட்டினார்கள். நான் உட்காரவில்லை. நேரே ஹாலுக்கு வந்து வாசற்படியில் நின்றுகொண்டேன்.

சாரின் மகள் மடியில் பிள்ளை கிடந்தது. இவர் தலையை நனைத்து, புது பிளேடு மாட்டி, மெதுவாக எடுக்க ஆரம்பித்தார். இது எவ்வளவு பெரிய சுன்னத்து, நபி காட்டிய வழி என்று சார் விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார். அன்ஸில் போனில் வீடியோ எடுத்தான். என்னைப் பார்த்ததும் கண்ணைத் திருப்பிக்கொண்டான்.

வலதுபக்கம் முடிந்ததும் இவர் நிறுத்தினார். கத்தியைத் துடைத்துத் துண்டின் மேல் வைத்தார்.

"எந்தா நிறுத்திட்டே?" என்றார் சார்.

"மிச்சத்த நீங்க எடுங்க சார்."

சார் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

"பாதி வழிச்சுப் பாதி விடப்பிடாதுன்னு நீங்கதான வகுப்புல சொன்னீங்க. இது சுன்னத்தான வேலையாக்கும். இஸ்லாத்துல ஜாதியும் இல்ல. அப்ப யாரும் எடுக்கலாமில்லா? பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. உங்க கைய நான் பிடிச்சுக்கிடுதேன்."

சாரின் கை முதுகுக்குப் பின்னால் போனது. சோபாவில் இருந்த ஒரு பெண் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். "அது அவருடெ ஆளுக செய்யுன்ன பணியல்லே?"

எல்லோர் காதிலும் அது விழுந்தது. ஒருவரும் மறுக்கவில்லை.

இவர் அன்ஸில் பக்கம் திரும்பினார். "மோனே, நீ வா. ஒரே ஒரு இழுப்பு இழு. போதும். உன் வாப்பா என்ன சொன்னாலும் சரி, என் மகள நான் உனக்குத் தாறேன்."

போடா, போய் எடுடா என்று மனசுக்குள் கெஞ்சினேன். அன்ஸில் போனை இறக்கினான். வாப்பாவைப் பார்த்தான். பிறகு இரண்டு கையையும் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டான்.

பிள்ளை சிணுங்கியது. இவர் குனிந்து கத்தியை எடுத்து மிச்சத் தலையையும் முடித்தார். அவ்வளவு பதமாக முடித்தார். யாரோ நீட்டிய கவரை வாங்காமல் பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நானா இருந்தா அப்படியே விட்டுட்டு வந்திருப்பேன்," என்றேன் ஆட்டோவில்.

"பிள்ளை என்ன செஞ்சுது?" என்றார்.

வீட்டில் ஷெமி போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தன்னைக் கத்தி எடுக்கச் சொல்லி, எல்லோர் முன்னாலும் தன் வாப்பாவை அவமானப்படுத்தியதற்கு அவள் வாப்பா மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று அன்ஸில் அனுப்பியிருந்தான்.

"அவன் கத்தியத் தொட்டானா உம்மா?"

"இல்ல மோளே."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குழாய்ச் சத்தம் வெகுநேரம் கேட்டது. முகம் கழுவி வெளியே வந்தவள் வாப்பாவிடம் சொன்னாள்.

"நாளைக்குக் கோலப்பன் அண்ணாச்சியப் போய்க் கூப்பிடுங்க. அவரு வரும்போ அந்த போர்டு அங்க இருக்கப்பிடாது."

அவர் கத்திப் பையைத் திறந்து காட்டினார். காலையில் பையை எடுக்கப் போனபோதே போர்டைக் கழற்றி உள்ளே வைத்திருந்தார்.