இலை வெளியே போகக் கூடாது

கொழும்பிலிருந்து வந்த பெண் எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லோரும் இருந்த நீள வாங்கின் யன்னலோர நுனியில் போய் இருந்துகொண்டாள். அவ்வளவுதான். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்த எட்டுப் பெண்களின் கைகளும் ஒன்றாக நின்றுபோயின. அது பரிமளத்தின் இடம். அவள் கடைசியாக அங்கே வந்து இருந்து பதினாலு மாதமாகிறது. வாங்கில் எவ்வளவு நெருக்கடி என்றாலும் ஒருத்தியும் அந்த நுனிக்கு நகர்ந்ததில்லை. யாரும் எழுதி ஒட்டிய சட்டமில்லை. விழுந்து கிடக்கிறவளின் இடத்தில் இன்னொருத்தி போய்க் குந்தினால் அவள் எழும்பமாட்டாள் என்று புளியங்கூடல் பெண்களுக்கு ஒரு பயம். கொழும்புப் பிள்ளைக்கு இதெல்லாம் எங்கே தெரியப் போகிறது?

அவள் பெயர் தாரிகா. இந்த ஊர் நிலையத்தில் அரைத்துப் பைகளில் அடைக்கும் முருங்கையிலைத் தூளை வெளிநாட்டில் நூற்றுக்கணக்கான கடைகள் வைத்திருக்கும் ஒரு கம்பனி வாங்குகிறது. தன் கடைத் தட்டில் இருக்கும் எந்தப் பொருளும் யாரையும் வருத்திச் செய்ததாக இருக்கக் கூடாது என்பது அந்தக் கம்பனியின் கொள்கை. அதைப் பார்த்து எழுதத்தான் இவள் வந்திருக்கிறாள். நிலையத்தை நடத்தும் கோபிசங்கர் காலையிலிருந்தே நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றான். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கோ என்று எல்லோருக்கும் மூன்று தரம் சொல்லியிருந்தான்.

கொள்கை அச்சடித்த பெரிய தாள் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதை ஒட்டிய நாளை நினைத்தால் பரிமளத்தின் சிநேகிதி இரஞ்சிதத்துக்கு இப்போதும் சிரிப்பு வரும். பரிமளம் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கோயிலில் புராணம் படிக்கிற இராகத்தில் ஒவ்வொன்றாக வாசித்தாள். "ஒருத்தரையும் அடிக்கக் கூடாதாம், ஏசக் கூடாதாம். அப்ப நான் இரஞ்சிதத்தை வைச்சு என்னெண்டு வேலை வாங்கிறது?" அன்று சிரித்த சிரிப்பில் இலையெல்லாம் பறந்தது. பரிமளம் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகு அந்தக் கொட்டகையில் கதையே இல்லை. யாரோ ஒரு றேடியோவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அது பரிமளத்துக்கு ஈடாகுமா?

தாரிகா முட்டாளில்லை. நின்ற கைகளைப் பார்த்தாள். யாருடைய இடம் என்று கேட்டாள். பரிமளத்தின் இடம், அவ லீவு என்று கோபிசங்கர் அவசரப்பட்டுச் சொன்னான். தாரிகா மடியிலிருந்த, தினவரவு பதியும் இடாப்பைப் புரட்டினாள். பதினாலு மாதமாகப் பரிமளம் ஒரு நாள்கூடத் தவறாமல் வந்து ஒப்பம் வைத்திருக்கிறாள். இன்றைய ஒப்பமும் இருக்கிறது, இரஞ்சிதத்தின் ஒப்பத்துக்குப் பக்கத்தில், அதே பச்சை மையில்.

கோபிசங்கர் கூரையைப் பார்த்தான். இரஞ்சிதத்துக்குக் காது இரண்டும் சுட்டது. கள்ள ஒப்பம் வைக்கிறோம் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பரிமளமும் வேலை செய்கிறாள்தானே, அப்படியென்றால் வந்த மாதிரித்தானே என்றுதான் நினைத்தாள். தான் வாயைத் திறக்காவிட்டால் கோபிசங்கர் இன்னொரு பொய் சொல்லுவான், அதற்கு இன்னொன்று சொல்ல வேண்டிவரும்.

"அவ வீட்டிலை இருக்கிறா, பிள்ளை. நடக்க ஏலாது. இலையைச் சாக்கிலை நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறனான். பின்னேரம் போய் எடுத்துக்கொண்டு வருவன். ஒப்பமும் நான் வைச்சதுதான்."

தாரிகா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் இரஞ்சிதத்துக்கு லேசாக இருந்திருக்கும். அவள் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். இலை கொட்டகையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது சும்மா போட்ட விதியில்லை. வேறிடங்களில் அப்படி வீடுகளுக்குப் போன வேலையைப் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் செய்திருக்கிறார்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள் செய்திருக்கிறார்கள். மூடிய கதவுக்குப் பின்னால் யார் என்ன பாடு படுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. அவள் சொன்னதில் பிழை காண இரஞ்சிதத்தால் முடியவில்லை. இதை எழுதினால் கம்பனி தூள் வாங்குவதை நிறுத்துமா என்று கோபிசங்கர் கேட்டான். நிறுத்தலாம், முதலில் வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாள் தாரிகா.

பரிமளத்தின் வீடு தூரமில்லை, அங்கே போகிற ஒழுங்கைதான் மணல். தாரிகாவின் சப்பாத்து புதையப் புதைய, இரஞ்சிதம் முன்னால் நடந்தாள். இதே ஒழுங்கையில் பரிமளம் நடந்தால் கூடப் போகிறவர்கள் ஓட வேண்டும். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போனால் படகு கரையில் முட்ட முதலே குதித்துவிடுவாள். சாட்டிக் கடலுக்குப் போனால் பொழுதுபட்டாலும் கரையேற மாட்டாள். சண்டைக்குப் பயந்து ஊரை விட்டு ஓடிப்போய் எத்தனையோ வருடம் கழித்து இரண்டு பேரும் திரும்பி வந்தபோது, ஊரில் கூரையோடு ஒரு வீடு இல்லை, முருங்கை மட்டும் காடாக நின்றது. மூன்று மாதம் அந்த இலையைத்தான் அவித்தும் வறுத்தும் தின்றார்கள். அந்தப் பஞ்சத்திலும் எவ்வளவு சந்தோசமாக இருந்தோம் என்று இரஞ்சிதம் நினைத்துக்கொண்டாள்.

பரிமளம் விறாந்தையில் சாய்மனைக்கதிரையில் சாய்ந்து கிடந்தாள். மடியில் வெள்ளைத் துணி, துணியில் இலை. பக்கத்தில் யாரோ தருமத்துக்குக் கொடுத்த சக்கர நாற்காலி, தோய்த்த உடுப்புகள் காயப்போட்டபடி நின்றது. ஒழுங்கை மணலில் அது ஒரு முழம்கூட உருளாது. சுவிசிலிருக்கும் மகன் பிரதாபன் காசு அனுப்புகிறான். இனி இந்த வேலையெல்லாம் எதற்கு என்று ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கேட்கிறான். காலையில் இரஞ்சிதம் சாக்கோடு படலையைத் திறக்கிற சத்தம் கேட்டால்தான் தனக்கு விடிகிறது என்பதை அவனுக்கு எப்படிச் சொல்வதென்று பரிமளத்துக்குத் தெரியவில்லை.

தாரிகா கேள்விகளைப் போனில் வைத்திருந்தாள். எத்தனை மணித்தியாலம் வேலை, உதவிக்குப் பிள்ளைகள் யாராவது வருகிறார்களா, யாராவது ஏசுகிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பரிமளத்துக்குப் பழைய குணம் திரும்பிவிட்டது. பிள்ளைகள் வந்தால் கட்டிப்பிடித்து வைத்திருப்பேன், ஒன்றும் வருவதில்லை என்றாள். இலையில் ஈர்க்குக் கிடந்தால் இரஞ்சிதம் ஏசுவாள், அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள். தாரிகாவும் சிரித்துவிட்டாள். பிறகு கடைசிக் கேள்வியை வாசித்தாள்.

"வேலை செய்ற இடத்த விட்டு, நீங்க விரும்புற நேரம் வெளியில போகலாமா, அம்மா?"

பரிமளம் சிரிக்கவில்லை. துணியில் கிடந்த இலையை ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"இல்லைப் பிள்ளை. ஏலாது."

அது அவளுடைய இடுப்பால்தான், யாரும் மறிக்கவில்லை என்று இரஞ்சிதம் குறுக்கே விழுந்து சொன்னாள். தாரிகா தலையாட்டினாள். ஆசுப்பத்திரியை விட வேறு எங்காவது போனாவா, யாராவது கூட்டிக்கொண்டு போனார்களா என்று மெல்லக் கேட்டாள். பதினாலு மாதம் நாள் தவறாமல் சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்த இரஞ்சிதத்துக்கு, ஆளைத் தூக்கிக்கொண்டு போகலாமே என்று ஒருநாளும் தோன்றவில்லை. ஊரெல்லாம் அவளை நல்லவள் என்றது. அவளும் அதை நம்பினாள். இப்போது வெட்கமாக இருந்தது, பரிமளத்தின் முகத்தைப் பார்க்க முடியாத வெட்கம்.

கண்டதை அப்படியே எழுதுவேன், இரண்டு கிழமையில் திரும்பி வருவேன், அதற்குப் பிறகுதான் கம்பனி முடிவு சொல்லும் என்று தாரிகா விடைபெற்றாள். அவள் படலையைத் தாண்டியதும் பரிமளம் கேட்டாள்.

"அப்ப சாக்கை நிப்பாட்டப் போறியோ?"

"ஓம், பரிமளக்கா. இனிச் சாக்கு வராது."

பரிமளம் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மனதில் இருந்ததைச் சொல்லி, செய்ய முடியாமல் போனால் என்ன செய்வது என்று இரஞ்சிதம் பயந்தாள்.

மறுநாள் காலை அவள் ஐந்து பெண்களோடும் இரண்டு மூங்கில் தடிகளோடும் போனாள். சாய்மனைக்கதிரையைத் தடிகளோடு சேர்த்துக் கட்டினார்கள். உங்களுக்கெல்லாம் விசரே, விட்டுட்டுப் போங்கோடி என்று பரிமளம் கத்தினாள். கத்திக்கொண்டே தலையை வாரி, நல்ல சேலை கேட்டு வாங்கி உடுத்தினாள். நாலு பேர் தூக்க, ஒருத்தி குடை பிடிக்க, ஒருத்தி வழியில் கிடந்த பனை மட்டைகளை இழுத்து எறிந்துகொண்டு போனாள். ஏழரைக்குக் கொட்டகை திறக்கிறது, அதற்குள் அவளைக் கொண்டுபோய் அவளுடைய இடத்தில் இருத்த வேண்டும். கால்கள் மணலில் புதைந்தன, தோள் எரிந்தது, பரிமளம் எவ்வளவு மெலிந்துவிட்டாள் என்பதும் இரஞ்சிதத்துக்குத் தோளில்தான் தெரிந்தது.

ஒழுங்கை றோட்டில் ஏறுகிற இடத்தில் பரிமளம் கையை உயர்த்தினாள்.

"இஞ்சை கொஞ்சம் இறக்குங்கோடி."

நடு றோட்டில் இறக்கினார்கள். யாழ்ப்பாணம் போகிற பஸ் வந்து நின்று, ஒரு தரம் ஹோன் அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தது. பரிமளம் திரும்பிப் பார்க்கவில்லை. வெட்டப்பட்ட வேம்பை, யாரோ புதிதாகக் கட்டிய மதிலை, அதற்கப்பால் தெரிந்த வெறும் வயல்வெளியை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலிருந்தவர்கள் யன்னலால் தலையை நீட்டி அவளைப் பார்த்தார்கள். நேரமாகிறது என்று ஒருத்தி மெல்லச் சொன்னாள். தடியைத் தொட ஒருத்தியும் குனியவில்லை.