மூச்சைக் குறைக்கும் மருந்து

விடிவதற்குள் கோச்சடை ஷெட்டில் ஆம்புலன்ஸைக் கழுவத் தொடங்கியிருந்தாள் நிலோபர். ஸ்ட்ரெச்சருக்கு அடியில் உறைந்துகிடந்த ரத்தம் எத்தனை தேய்த்தும் போகவில்லை. குத்துக்காலிட்டு பிரஷ்ஷால் சுரண்டினாள். பிளீச்சிங் பவுடர் நெடி தொண்டையை அறுத்தது. எழுந்தபோது ஆக்ஸிஜன் சிலிண்டரின் முள் கண்ணில் பட்டது. சிவப்பில் கிடந்தது.

"சார், சிலிண்டர் காலி. மாத்தாம எடுக்க முடியாது."

முதலாளி சிவசங்கரன் போனிலிருந்து முகத்தைத் தூக்கவில்லை. "எல்லா வண்டிக்கும் சேத்து மாத்திக்கலாம். ஒத்தக்கடையில பேஷண்ட் காத்துக்கெடக்கு. கெளம்பு."

ஆம்புலன்ஸில் நோயாளிகளைக் கவனிக்க அவள் படித்து வாங்கிய சான்றிதழ்கள் அவர் பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேரும் எல்லோரிடமும் வாங்கிப் பூட்டிவிடுவார். விலகியவர்களுக்கும் அவை திரும்பியதில்லை. நிலோபர் வண்டியில் ஏறினாள்.

ஒத்தக்கடையில் செங்கல் இறக்கும் தொழிலாளி பேயாண்டி, தன் வீட்டு வாசலில் வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார். வலிப்பு விடவே இல்லை. அவர் மனைவி செல்லக்கிளி, தலை தரையில் மோதாமல் மடியில் தாங்கியிருந்தாள்.

வலிப்பை நிறுத்தாவிட்டால் மூளை பாதிக்கும். நிறுத்தும் மருந்தான மிடாசோலமோ சிலருக்கு மூச்சையும் அமர்த்திவிடும். அப்போது ஆக்ஸிஜன் வேண்டும். அவள் போனில் ஆஸ்பத்திரி மருத்துவரிடம் வண்டியில் ஆக்ஸிஜன் இல்லை என்பதையும் சேர்த்து உள்ளதைச் சொன்னாள்.

"என்னம்மா வண்டி அது?" என்று அதட்டியவர், "வேற வழியில்ல, குடுத்துரு. மூச்சப் பாத்துக்க" என்றார்.

அவர் சொன்ன அளவைக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கைகால்கள் அடங்கின. அவரை வண்டியில் ஏற்றினார்கள்.

"தூங்கிட்டாரு தாயி" என்று வண்டிக்குள் செல்லக்கிளி கையெடுத்துக் கும்பிட்டாள். நிலோபர் அவர் நெஞ்சையே பார்த்தாள். அது ஏறி இறங்குவது தளர்ந்துகொண்டே வந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

முகமூடியை அவர் முகத்தில் அழுத்திவைத்துக் காற்றுப் பையைப் பிசையத் தொடங்கினாள். போனது வெறும் காற்றுதான். மாட்டுத்தாவணியில் பஸ்களுக்கு நடுவே வண்டி முன்னும் போக முடியாமல் பின்னும் போக முடியாமல் மாட்டிக்கொண்டது. ஓட்டுநர் முத்திருளன் தலையை வெளியே நீட்டி, "ஒதுங்குங்கப்பா, உசுரு போகுது!" என்று கத்தினார். அவள் விரல்கள் விறைத்துப்போயின. நிறுத்தினால் அவர் மூச்சும் நின்றுவிடும். பிசைந்துகொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவரைச் செயற்கை மூச்சு இயந்திரத்தில் போட்டார்கள். உயிர் இருந்தது, நினைவு வரவில்லை.

சிவசங்கரன் வராந்தாவுக்கே வந்துவிட்டார். "டோஸ் கூடிப்போச்சு, என் தப்புதான்னு அந்தம்மாகிட்ட சொல்லிரு. மிச்சத்த நான் பேசிக்கிறேன்."

"டோஸ் சரிதான் சார். அந்த மருந்து அப்படிச் செய்யும். அதுக்குத்தானே ஆக்ஸிஜன் கேட்டேன்?"

"சர்ட்டிபிகேட் எங்க இருக்குன்னு மறந்துட்டியா? நீ வேற எங்கயும் வேலை பாக்க வேணாமா?"

அவர் கேட்டபடியே சொல்லித் தொலைத்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. செல்லக்கிளியின் முன்னால் போய் நின்றபோது வேறு வார்த்தை வந்தது.

"எக்கா, நான் குடுத்த மருந்துலதான் மூச்சு கொறஞ்சுச்சு. குடுக்காம இருக்க முடியாது. ஆனா வண்டியில ஆக்ஸிஜன் இல்ல. தெரிஞ்சுதான் வந்தேன்."

செல்லக்கிளி அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். "தெரிஞ்சுமா? ஏம்புருசன் செங்கல்லா? ஏத்தி எறக்குனாப் போதுமா?"

"நானும் தெரிஞ்சுதான் ஓட்டுனேன் தாயி" என்றார் முத்திருளன். "இனி ஓட்ட மாட்டேன்."

அன்று மாலை ஷெட்டில் அவர்தான் முதலில் வண்டிச் சாவியை மேசையில் வைத்தார். மற்ற ஓட்டுநர்களும் வைத்தார்கள். நிலோபரைப் போலவே வண்டியில் வேலை பார்க்கும் பாதுஷா, "சிலிண்டர் வரணும் சார். எங்க சர்ட்டிபிகேட்டும் வெளிய வரணும். அதுவரைக்கும் ஒரு வண்டியும் நகராது" என்றான்.

"கேஸ் வந்திருக்குடா! எவனாவது செத்தா?"

"கவர்மென்ட் வண்டிக்குச் சொல்லிட்டேன். வந்துக்கிட்டிருக்கு."

"நாளைக்கே வேற ஆளு போட்டு ஓட்டுவேன்!"

"வாரவங்ககிட்டயும் பேசுவோம்" என்றாள் நிலோபர்.

சிவசங்கரன் பீரோச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு காரில் போய்விட்டார். எல்லோரும் கேட்டுக்கு வெளியே வந்து அதன் பாதியை அடைத்து உட்கார்ந்தார்கள். வேலை போகலாம், போலீஸும் வரலாம். யாரும் எழுந்திருக்கவில்லை.

இருட்டும் நேரம் செல்லக்கிளி வந்தாள். பின்னால் செங்கல் இறக்கும் ஆட்கள் சிலர்.

"இன்னும் கண்ணத் தொறக்கல" என்றாள். "ஓம்மேல எனக்குக் கோவம் தீரல, பாப்பா. அம்புட்டு லேசுல தீராது. ஆனா நாளைக்கு இன்னொருத்தி இப்படி வண்டியில ஒக்காந்து அழக் கூடாது."

நிலோபர் நகர்ந்து இடம் விட்டாள். செல்லக்கிளி சேலையைச் செருகிக்கொண்டு அவளருகில் உட்கார்ந்தாள். செங்கல் இறக்குகிறவர்கள் கேட்டின் மறுபாதியையும் அடைத்து உட்கார்ந்தார்கள்.