தம்பியின் சிறுநீரகத்துக்காகக் காத்திருந்த கல்யாணம்

என் தம்பி துந்தூப் பம்பாயிலிருந்து லடாக் மலைமேல் இருக்கும் லே நகரில் வந்து இறங்கியபோது, "எல்லோரும் இரண்டு நாள் படுத்து ஓய்வெடுங்கள்" என்று விமான நிலைய ஒலிபெருக்கி கெஞ்சிக்கொண்டிருந்தது.

"அது டூரிஸ்டுக்கு, அச்சே. நான் இந்த மலையில பொறந்தவன்" என்று அக்காவான என்னிடம் மார்தட்டினான். இருபது வருஷம் கடலோரத்தில் மீன் தின்று, பாதி மீனாகவே ஆகிவிட்டவன்! வந்த வேகத்தில் கல்யாணக் கூடாரத்தை ஒற்றை ஆளாக நிமிர்த்தினான். தெருக் கிழவிகள் எல்லோரோடும் ஆடினான்.

மறுநாள் என் மகள் யாங்செனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு, லேயைவிட இன்னும் உயரமான சாங்-லா கணவாய்க்கு அந்தப் பக்கம். பெண்ணைக் கொண்டுபோய் விடவேண்டியவன் தாய்மாமன். அப்பா இல்லாத அவளுக்கு மாமன் என்று இருப்பது இவன் ஒருவன்தான்.

வந்த அன்று மத்தியானமே அசந்து தூங்கினான். அவன் மூச்சு ஏறி ஏறி, கூரையே பறந்துவிடும்போல அடித்தது. பிறகு சட்டென்று நின்றது. பக்கத்தில் இருந்த எங்கள் அத்தை ஜெபமாலையைப் பிடித்துவிட்டாள்.

"போயிட்டானாடி?"

"எங்கயும் போகல, அத்தை. மூளை கொஞ்சம் நிறுத்துன்னு சொல்லியிருக்கு."

மறுபடியும் கொல்லன் துருத்தி கிளம்பியது.

டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவள் நான், விடுவேனா? "மேல காத்து கம்மி. அதனால நுரையீரல் அவசர அவசரமா மூச்சு விடுது. விடுற மூச்சோட ரத்தத்துல இருக்கிற அமிலமும் போயிடுது; காரம் மிஞ்சிடுது. அதைப் பார்த்து மூளை மூச்சை அடக்குது. மிஞ்சின காரத்தைச் சிறுநீரகம் மூத்திரத்துல கழிச்சாகணும். நுரையீரல் முன்கோபக்கார மருமக, நிமிஷத்துல கிளம்பிடுவா. சிறுநீரகம் சர்க்கார் குமாஸ்தா. கோப்பு நகர ரெண்டு மூணு நாளாகும்."

எழுந்தவன் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான். அந்த நிலையில் கணவாய் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

"நாளைக்கு நீ வரக் கூடாது."

"மாமன் வரலைன்னா அந்த வீட்டுல பொண்ணை யாரு மதிப்பா, அச்சே?" அவன் கண் கலங்கிவிட்டது.

கதவோரம் நின்ற யாங்சென் சொன்னாள்: "மாமா இல்லாம நான் வாசப்படி தாண்ட மாட்டேன்."

துந்தூபைக் கேட்டால், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மாடியில் இருக்கும் எங்கள் மண்கழிப்பறை ஓட்டையைப் பார்த்தால் பம்பாய்க்காரனுக்குப் பயமாம்! குமாஸ்தாவுக்கு மைகூடக் கொடுக்காமல் பட்டினி போட்டிருக்கிறான்.

மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டுப் பாடகர்கள் வந்தார்கள். நாங்கள் பாட்டில் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர்கள் பாட்டிலேயே பதில் சொல்லி முடித்தால்தான் எங்கள் ஊரில் கதவு திறக்கும். எத்தனை கேள்வி என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"அத்தை, கேட்டுக்கிட்டே இருங்க."

"எதுவரைக்கும்?"

"இவன் சிறுநீரகம் வேலையை முடிக்கிற வரைக்கும்."

அத்தைக்கு வாழ்நாளில் கிடைத்த பெரிய பதவி அது. வானத்துக்குத் தூண் எது, காற்றுக்குத் தாய் யார், இமயத்தின் எடை என்ன என்று தொடங்கி, மாப்பிள்ளையின் பாட்டனார் ஏறிய குதிரையின் வால்முடி வரைக்கும் வந்துவிட்டாள். வெளியே சாங் மது ஆறாக ஓடியதால் யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் தொண்டை கட்டிப்போய்க் கையசைத்தே பாடினார்.

உள்ளே துந்தூபுக்கு, அந்தக் குமாஸ்தாவை விரட்டும் மாத்திரையும், குடம் குடமாக உப்புத் தேநீரும். அவன் மாடி ஏறும்போதெல்லாம் யாங்சென் கத்துவாள்.

"மாமா, கோப்பு நகருதா?"

"போடி கழுதை! ஆபீசே காலியாகுது!"

அதற்கடுத்த நாள் மத்தியானம், வெளியே பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்க, அவன் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூச்சு எப்போது நிற்கும் என்று பார்த்தேன். நிற்கவில்லை. சின்ன வயதில் என் முதுகில் தூங்கியபோது விட்ட அதே சீரான மூச்சு. எழுந்து, தலைவலி போய்விட்டது என்றான். இரண்டு கிண்ணம் துக்பா சூப் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

நான் கண் காட்டினேன். அத்தை கடைசிக் கேள்வியைப் பாடினாள்: "பனி எந்த நிறம்?"

வெளியே தலைமைப் பாடகர் கரகரத்த குரலில் பாட்டை விட்டுவிட்டுக் கேட்டார்:

"திடீர்னு இவ்வளவு சுலபமா? பொண்ணுக்கு ஏதாவது குறையா?"

துந்தூப் அங்கியை இழுத்துக் கட்டிக்கொண்டு கதவை அகலத் திறந்தான். "பொண்ணுக்கு ஒரு குறையும் இல்லய்யா. மாமன்தான் கொஞ்சம் லேட்டு."