வாக்கு சொல்லும் கதவு

தேனியில் ஒரு பேட்டரிக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு ஒரு நகரத்தையே ஆட்டிப்படைத்துக்கொண்டிருந்தார்கள் திலீபனும் விஜியும். கதை திலீபனுடையது, படம் விஜியுடையது. யூடியூபில் வந்துகொண்டிருந்த அவர்களுடைய அனிமே தொடரில் மருந்துக்குக்கூட வெயில் கிடையாது. மழை, இருட்டு, துப்பாக்கி, இவ்வளவுதான். நகரத்தின் நடுவே மூடிய கதவு ஒன்று. அதற்குப் பின்னால் இருக்கும் 'வாக்கு', குற்றவாளியின் பெயரைச் சொல்லும். இன்ஸ்பெக்டர் அக்கினி போய்ச் சுடுவாள். வாக்கை யாரும் பார்த்ததில்லை. சனங்கள் கதவுக்கே விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தக் கதவுக்காக விஜி மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. அவள் பிறந்த தேவதானப்பட்டியில் அம்மனுக்குப் பூசை நடப்பதே சாத்திய கதவுக்குத்தான். உரிக்காத பழமும் உடைக்காத தேங்காயும் கதவுக்கு முன்னால்தான் வைப்பார்கள். மகள் அதை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாமல் இருந்தது விஜி செய்த புண்ணியம்.

ஏழாவது பகுதி அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு வரவேண்டும். வண்டிக்காரன் காட்டான்தான் திருடன் என்று ஆறாவது பகுதியின் முடிவில் வாக்கு சொல்லிவிட்டது. இனி அக்கினி அவனைச் சுட வேண்டும், இல்லையென்றால் கதவைத் திறக்க வேண்டும். சுடட்டும் என்று திலீபன் எழுதி வைத்திருந்தான்.

மத்தியானம் மாடிப்படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. நர்சிங் கல்லூரிச் சீருடையில் ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

"எங்கப்பாவ வரைஞ்சது யாரு?"

அவள் பெயர் மெர்லின். நீட்டிய போனில் இரண்டு முகங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று காட்டான். இன்னொன்று, சின்னமனூர்ப் பக்கத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிப்போகும் ஜீப் டிரைவர் பங்கிராஸ். பிளந்த இடது புருவமும் மடங்கிய காதும் அச்சு அசலாக அப்படியே இருந்தன.

"போன வாரம் தோட்டத்து ஸ்டோர்ல ஏலக்கா மூடை காணாப்போச்சுக்கா. யாருன்னே தெரியல. ஒங்க படம் வந்த மறுநாளு அது எங்கப்பாதான்னு ஆயிருச்சு. ஜீப்புல ஏற ஆளில்ல."

"அது கதைம்மா," என்றான் திலீபன். "எல்லாம் கற்பனைன்னு முதல்லயே போடுறோமே."

"அத யாருண்ணே படிக்கிறாக? ஊர்க்காரக 'தெரியாமலா வரைஞ்சிருப்பாக'ன்னு கேக்குறாக. ஏழாவது பகுதி வரட்டும், என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு வீட்டுக்கு வாரோம்னு சொல்லிட்டுப் போயிருக்காக."

திலீபனும் விஜியும் எழுதிய நகரம் மாடியை விட்டு இறங்கிப் போயே விட்டது.

"போலீஸ்ல சொன்னியா?" என்றாள் விஜி.

"சொன்னேன். பாக்குறோம்னாக. அப்பா வீட்ட விட்டு வர மாட்டேங்கிறாக. 'ஓடுனா நான்தான்னு ஆயிரும்'னு தாப்பாள போட்டு உக்காந்திருக்காக."

விஜிக்கு இல்லாத முகத்தை வரைய வராது. எங்கோ பார்த்த முகம்தான் பேனா முனைக்கு வரும். கல்லூரி விடுமுறையில் அந்தப் பக்கத்துச் சித்தி வீட்டில் தங்கி, கூலிக்கு ஏலக்காய் பறிக்கப் போனபோதெல்லாம் பங்கிராஸ் ஜீப்பில்தான் போவாள். ஒருநாள் மலைப்பாதை வளைவில் பனி அடைத்து ஒன்றும் தெரியவில்லை. அவர் ஜீப்பை நிறுத்திவிட்டு டார்ச்சோடு இறங்கி முன்னால் நடந்து, பாதையைப் பார்த்து வந்து, மறுபடி ஓட்டினார். அந்த டார்ச் வெளிச்சத்தில் பார்த்த முகத்தைத்தான் திருடனுக்குக் கொடுத்திருந்தாள். நல்ல முகம் என்பதால்தான் மறக்கவில்லை. அதை நினைக்க நினைக்க அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அவசர அவசரமாகப் புருவத்தை அழித்து, காதை நிமிர்த்தி, மூக்கைச் சற்றே நீட்டினாள். திலீபன் எட்டிப் பார்த்தான்.

"இது எங்க சுந்தரலிங்கம் மாமா மாதிரியில்ல இருக்கு!"

"அப்ப இன்னிக்குப் படத்தையே போடாம விட்டுருவோமா?" என்றாள் விஜி.

"போடலன்னா, 'நெசத்த மறைச்சிட்டாக'ம்பாக," என்றாள் மெர்லின். "நேரம் போகுதுக்கா."

விஜி திரையில் கதவை எடுத்து வைத்தாள். சுடுகிற காட்சி முழுவதையும் தூக்கி எறிந்தாள். அக்கினியின் கை தாழ்ப்பாளுக்குப் போகும் படத்தில் விஜியின் கையும் நின்றுவிட்டது. சின்ன வயதில் சந்நிதியில் எக்கி எக்கிப் பார்த்தவளின் தலையை அம்மா அழுத்திப் பிடித்தது நினைவுக்கு வந்தது. ஆனால் அந்தக் கதவு வேறு, இந்தக் கதவு வேறு. அது அம்மனுடையது. இது அவள் கையால் வரைந்தது; பின்னால் இருப்பது யாரென்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

போனை எதிரே சாய்த்து வைத்துத் தன் முகத்தைப் பார்த்தாள். தாடையில் எண்ணெய் தெறித்த தழும்பையும் தடித்த கண்ணாடியையும் ஒன்றுவிடாமல் வரைந்தாள். கதவு திறக்கிறது. உள்ளே மேசைக்கு முன்னால் அந்தப் பெண் உட்கார்ந்து, காட்டானின் பிளந்த புருவத்தை வரைந்துகொண்டிருக்கிறாள். அசைவுக்கு நேரமில்லை, நாலு படம்தான். பிறகு மைக்கை இழுத்துத் தன் சொந்தக் குரலில் பேசினாள்.

"எம்பேரு விஜி. பங்கிராஸ் அண்ணன ஜீப்புல பாத்து, அவுககிட்ட ஒரு வார்த்த கேக்காம, அவுக முகத்தத் திருடனுக்கு வச்சது நான்தான். திருட்டப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. வாக்குன்னு ஒண்ணு இல்ல. இங்க நான்தான் உக்காந்திருக்கேன்."

திலீபன் தலையில் கை வைத்துக்கொண்டான். "இதோட நம்ம தொடர் அவ்வளவுதான். அடுத்து ஒன்னையத் தேடிட்டு வருவாக."

"நான் இங்கன இருந்தாத்தான? மெர்லின், ஒன் வண்டில எடம் இருக்கா?"

ஆறு மணிக்குத் திலீபன் மாடியில் பொத்தானை அழுத்தியபோது, விஜி பங்கிராஸ் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். மெர்லின் தட்டித் தட்டிப் பார்த்தும் கதவு திறக்கவில்லை. தெருமுனையில் ஆண்கள் கூட்டமாக நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாப் போனிலும் ஒரே மழைச் சத்தம். பிறகு எல்லாப் போனிலும் விஜியின் குரல் கேட்டது. அவள் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

கூட்டம் மெதுவாக வந்தது. முன்னால் வந்தவன் போனை உயர்த்தி அவள் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்தான். பங்கிராஸையும் காட்டானோடு இப்படித்தான் ஒப்பிட்டுப் பார்த்திருப்பான். தழும்பைப் பார்த்தான், கண்ணாடியைப் பார்த்தான்.

"நீதானா இது?"

"நான்தான்."

அடுத்து யாரைக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தான். கூட்டம் போனைப் பார்த்தது. போனில் படம் முடிந்து போயிருந்தது.

விஜியின் முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. பிளந்த புருவத்தோடு பங்கிராஸ் வெளியே வந்து அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.