ஒரு சொட்டு வராத வீடு

சாவிக்காரம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம். பூட்டைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பது எல்லோரும் செய்வதுதான். அவள் பாதித் தெரு போனபிறகு திரும்பி வந்து, முன்னே இழுத்தபோது ஒழுங்காகத்தான் இழுத்தோமா என்று மறுபடியும் இழுப்பாள். அவளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. பூட்டு ரிப்பேர் கடையில் உட்கார்ந்திருப்பவளிடம் வருகிற ஆளெல்லாம் "சாவி தொலைஞ்சு போச்சு" என்றுதான் வருவான். அது அவன் வீட்டுச் சாவிதானா என்று யார் கண்டது? சந்தேகப்படுவது அந்தத் தொழிலில் பாதி. மீதிப் பாதியை, அதாவது அரத்தை வைத்து ராவுகிற பாதியை, அவள் புருஷன் பார்த்துக்கொண்டார்.

மேட்டிலிருந்து இறங்கி வரும் தெருவின் அடிமூலையில் அவர்கள் வீடு. முன்னால் கடை. மாடியில் புருஷனும் பெண்டாட்டியும் படுக்கிற அறை. கடைக்குப் பின்னால் படி இறங்கினால் சமையல்கட்டு, அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அதில் அவள் நாத்தனார் இருந்தாள். வீட்டில் அவளுக்குச் சின்னவள் என்றே பேர். வாழப்போன இடம் சரிப்படாமல் பெட்டியோடு திரும்பி வந்தவள். ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கிற கூடத்தில் வேலை. விடியுமுன் கிளம்பிவிடுவாள், பொழுது சாய்ந்தபின் வருவாள். இருக்கிற இடம் தெரியாமல் இருப்பாள் என்று அவளை எல்லோரும் மெச்சுவார்கள்.

அந்தத் தெருவுக்குத்தான் ஒரு நாள் பல்கலைக்கழகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். அளவு போட்ட கம்பு, மூன்று கால் வைத்த ஒரு கருவி, கையில் சுண்ணாம்புக் கட்டி. சுவரில் கோடு போடுவதும், குனிந்து சாக்கடைக்குள் எட்டிப் பார்ப்பதுமாக இருந்தார்கள். சாவிக்காரம்மா கடைக் கம்பி வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பி போட்ட ஒரு பெண் கடைக்கு முன்னால் வந்து நின்று சிரித்தாள்.

"அம்மா, நாங்க இந்த ஊரைப் பத்திப் படிக்கிறோம். கொஞ்சம் கேள்வி கேக்கலாமா?"

"ஊரைப் பத்திப் படிக்கிறதுக்கு என் கடையில என்ன இருக்கு?"

"மழை பேஞ்சா உங்க வீட்டுக்குள்ள தண்ணி வருமா?"

இங்கேதான் சாவிக்காரம்மாவின் மூளை ஓடியது. வரும் என்று சொன்னால் வீட்டின் மதிப்பு போச்சு. குடியிருக்க லாயக்கில்லை என்று நாளைக்கு எவனாவது ஒரு பலகையைக் கொண்டுவந்து மாட்டுவான். மழைக்காலத்தில் வாசல்படி வரை தண்ணீர் வருவதை அவளே துடைப்பத்தால் தள்ளியிருக்கிறாள். இருந்தாலும் கண்ணை இமைக்காமல் சொன்னாள்.

"ஒரு சொட்டு வராது."

"வீட்டுல எத்தனை பேர் இருக்கீங்க?"

"எண்ணிப் பாத்ததில்ல."

தொப்பிக்காரப் பெண் அதற்கும் சிரித்துவிட்டுப் போனாள். சிரித்துக்கொண்டே போகிறவர்களை நம்பவே கூடாது என்பது சாவிக்காரம்மாவின் கட்சி.

கொஞ்ச நாள் கழித்து, தெருக்காரர்கள் எல்லோரும் வந்து பார்க்கலாம் என்று சமுதாயக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். போனாள். நடுவில் பெரிய மேசை. அதன்மேல் அவர்கள் தெரு! மேடு, சரிவு, திருப்பம் எல்லாம் அச்சு அசலாக. மரத்தால் செய்த குட்டிக் குட்டி வீடுகள். ஆட்கள் தங்கள் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்து, குழந்தைகளாட்டம் கூவிக்கொண்டிருந்தார்கள். சாவிக்காரம்மாவும் அடிமூலையைத் தேடினாள். அங்கே வீடு இல்லை. இருந்த இடத்தில் ஒரு பள்ளம். பள்ளத்தில் பச்சைத் துணி ஒட்டி, கம்பியால் செய்த சில மரங்கள்.

அப்போதுதான் அந்த ஆட்களுக்கெல்லாம் தலைமையான பேராசிரியை ஒரு குவளைத் தண்ணீரை மேட்டில் சாய்த்தார். நரைத்த முடியை ஒட்ட வெட்டிய அம்மாள், குரல் மெதுவானது. தண்ணீர் தெருவழியே இறங்கி வந்து அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, சாதுவாக நின்றுகொண்டது. கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"கை தட்டுறீங்களே," என்றாள் சாவிக்காரம்மா. "அங்க இருந்த என் வீடு எங்க?"

கூட்டம் கப்பென்று அடங்கியது. பேராசிரியை மேசைக்கு அடியிலிருந்து ஒரு மர வீட்டை எடுத்துக் காட்டினார்.

"இருக்கும்மா. எடுத்து எடுத்து வைக்கிற மாதிரிதான் செஞ்சிருக்கோம். மேல் தெருவெல்லாம் இப்ப சிமெண்ட். முன்னாடி மண்ணு குடிச்ச தண்ணி முழுக்கக் கீழ இறங்குது. அது வந்து நிக்க ஒரு இடம் வேணும்."

"தண்ணி நிக்க இடம் வேணும். சரி. நாங்க எங்க நிக்கிறது?"

"இது ஒரு யோசனைதான். வேற யோசனையும் வச்சிருக்கோம். நாங்க ஆராய்ஞ்சு சொல்லுவோம், மாநகராட்சி முடிவு பண்ணும். மாசக் கடைசியில கூட்டம் இருக்கு. மாறிப் போகச் சம்மதம்னு சொன்ன வீட்டை மட்டும்தான் நாங்க எடுத்துக் காட்டியிருக்கோம்."

"நான் எப்ப சம்மதம் சொன்னேன்?"

"நீங்க சொல்லல. உங்க வீட்டுல சொன்னாங்க."

சாவிக்காரம்மாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "யாரு?"

"அதைச் சொல்ல மாட்டேம்மா. அவங்ககிட்ட நாங்க குடுத்த வாக்கு அது."

"வீட்டுல ஒருத்தர் சொன்னா வீடே சொன்ன மாதிரியா? இதுதான் உங்க படிப்பா?"

பேராசிரியை கையிலிருந்த மர வீட்டை மேசை ஓரத்தில் வைத்தார். "இல்ல," என்றார். "எல்லாரையும் உக்கார வச்சுக் கேட்டிருக்கணும். அது எங்க தப்புதான்."

"உங்ககிட்டயும் கேட்டோமே அம்மா," என்று தொப்பிக்காரப் பெண் மெல்லச் சொன்னாள். "ஒரு சொட்டு வராதுன்னீங்க."

சாவிக்காரம்மா விறுவிறுவென்று வெளியே வந்துவிட்டாள். வீடு போனால் கடை போச்சு. கடை போனால் அவளுக்கும் அவருக்கும் வேறு பிழைப்பு ஏது? அதைவிடப் பெரிய நெருப்பு வேறொன்று உள்ளே எரிந்தது. பல்கலைக்கழகம் வெளி ஆள். அவர்களை எவ்வளவு வேண்டுமானாலும் சந்தேகப்படலாம், சுகமாக இருக்கும். இப்போது சந்தேகம் வீட்டுக்குள்ளேயே வந்து பாய் விரித்துவிட்டதே!

முதலில் புருஷனைப் பிடித்தாள். மாடிப்படி ஏற முட்டி வலிக்கிறது என்று அவர் முனகாத நாளில்லை.

"ஏங்க, வீட்டைக் குடுக்கிறோம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னீங்களா?"

"எந்தப் பொண்ணு?"

"ஓ, எந்தப் பொண்ணுன்னு கேக்கிற அளவுக்கு இருக்கா?"

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். "இந்தா பாரு. உன்னைக் கேக்காம நான் ஒரு டீ குடிச்சதில்ல. வீட்டையா தூக்கிக் குடுக்கப் போறேன்? அப்படியே சொல்லியிருந்தாலும், ராத்திரிக்குள்ள உன்கிட்டயே உளறியிருக்க மாட்டேனா?"

அது உண்மைதான். அவர் வாயில் எந்த ரகசியமும் தங்காது. அப்படியானால் மிச்சம் இருப்பது ஒரே ஆள்.

மறுநாள் சின்னவள் வேலைக்குப் போனபின், சாவிக்காரம்மா அந்தப் பின்னறைக்குள் போய் நின்றாள். நாள் தவறாமல் எட்டிப் பார்க்கிற அறைதான். ஆனால் சந்தேகத்தோடு பார்க்கும்போது எல்லாமே வேறு மாதிரித் தெரிந்தது. துணிமணி ஒன்றுகூடக் கொடியில் இல்லை. எல்லாம் பிளாஸ்டிக் பைகளில் போட்டு, வாயை முடிச்சுப் போட்டு, பெட்டிமேல் அடுக்கியிருந்தது. பெட்டியோ செங்கல்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. கட்டில் காலுக்கும் செங்கல்.

'கிளம்பத் தயாராத்தான் இருக்கா,' என்று நினைத்தாள். 'மூட்டை கட்டி வச்சாச்சு. வீடு மாமனார் சொத்து. அதுல இவளுக்கும் பங்கு உண்டு. பங்கை வாங்கிக்கிட்டு நடையைக் கட்டப் போறா. வாயில்லாப் பூச்சின்னு நினைச்சேனே!'

சாயங்காலம் சின்னவள் வந்து கால் கழுவக்கூட விடவில்லை.

"பங்கு வேணும்னா வாயைத் திறந்து கேக்கணும். வெளி ஆளை வச்சு மேசையில தண்ணி ஊத்திக் காட்டணுமா?"

சின்னவள் அண்ணியைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். மறைக்க நினைக்கவில்லை.

"நான்தான் சொன்னேன் அண்ணி. அந்தத் தொப்பிப் பொண்ணு பஸ்ஸுக்கு நிக்கும்போது கேட்டுச்சு. எங்க படுப்பீங்க, மழையில தூங்குவீங்களான்னு. என்னமோ, அப்படிக் கேட்டதும் வந்துருச்சு வாயில."

"என்ன வந்துச்சு?"

"மழை வந்தா என் ரூமுக்குள்ள தண்ணி ஏறுது. வாசல் வழியா இல்ல, தரைக்கு அடியிலேருந்து. விடியறதுக்குள்ள வாரி ஊத்தித் துடைச்சுட்டுத்தான் வேலைக்குப் போவேன். அதான், வேற இடம் கிடைச்சா மாறிப் போகச் சம்மதம்னு சொல்லிட்டேன். எனக்குப் பங்கெல்லாம் வேண்டாம் அண்ணி. காஞ்ச தரை வேணும்."

"தரைக்கு அடியிலேருந்து தண்ணி வருதாம்! நான் ஒரு நாள்கூடப் பாக்கலையே?"

"நீங்க எழுந்து வரதுக்குள்ள காஞ்சிரும்."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"வந்து ஒண்டினவ. அதுல குறை வேற சொல்லணுமா?"

சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். சாவிக்காரம்மா அப்படிச் சுலபத்தில் இளகுகிற ஆளா? கண்ணால் பார்க்காத எதையும் அவள் நம்பியதில்லை. நாத்தனார் பேச்சை மட்டும் எப்படி நம்புவாள்?

"சரி. நீ மாடிக்குப் போ. உங்கண்ணன் கடையில படுக்கட்டும். மழைக்கு நான் இங்க படுத்துப் பாக்கிறேன். அப்புறம் பேசலாம்."

முதல் மழை பெய்தது. தரை காய்ந்தே இருந்தது. காலையில் சாவிக்காரம்மா சமையல்கட்டில் பாத்திரத்தை வேண்டுமென்றே ணங் ணங்கென்று வைத்தாள். அடுத்த மழைக்கும் ஒன்றும் வரவில்லை. "கனவு கண்டிருப்பா," என்றாள் புருஷனிடம், சின்னவள் காதில் விழும்படி. சின்னவள் பையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனாள்.

அதற்குப் பிறகு வந்ததுதான் மழை. நாள் முழுக்க விடாமல் கொட்டி, இருட்டியபிறகும் நிற்கவில்லை. சாவிக்காரம்மா எப்படியோ கண்ணயர்ந்துவிட்டாள். வெளுக்கப் போகிற நேரத்தில் விழிப்பு வந்து, காலைக் கீழே வைத்தாள். கணுக்கால் நனைந்தது.

விளக்கைப் போட்டாள். அறை முழுக்கத் தண்ணீர். கதவை உடைத்துக்கொண்டோ சுவரைத் தாண்டியோ வரவில்லை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவிலிருந்து சத்தமே இல்லாமல் ஊறி வந்துகொண்டிருந்தது. வாசலில் எத்தனை பூட்டுப் போட்டிருந்தாள் அவள்! அவளுடைய செருப்பு மெதுவாக மிதந்து சமையல்கட்டுப் பக்கம் போயிற்று. கட்டிலடியில் இருந்த செங்கலை அப்போதுதான் அவள் தண்ணீருக்காக வைத்த செங்கலாகப் பார்த்தாள். பிளாஸ்டிக் பைகளையும்தான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம். பழக்க தோஷத்தில் சின்னவள் வாளியும் துணியுமாக இறங்கி வந்திருந்தாள். அண்ணி தண்ணீரில் நிற்பதைப் பார்த்து வாசற்காலிலேயே நின்றாள்.

"தள்ளுங்க அண்ணி, நான் பாத்துக்கிறேன். உங்களுக்கு இது பழக்கமில்ல."

"வாளியைக் குடு."

"வேண்டாம் அண்ணி."

"குடுன்னா குடுடி!"

இரண்டு பேரும் சேர்ந்து வாரினார்கள். வாரி ஊற்ற ஊற்ற ஊறியது. நடுவில் சாவிக்காரம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வேர்வையாகத்தான் இருக்கும் என்று சின்னவள் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள். நல்ல பெண்.

அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. சின்னவளுக்கு லீவு சொல்லச் சொல்லி, அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு சாவிக்காரம்மா பல்கலைக்கழகத்துக்குப் போனாள். பேராசிரியையின் அறை முழுக்க வரைபடச் சுருள்கள். உட்கார நாற்காலியைத் தேட வேண்டியிருந்தது.

"ஒரு சொட்டு வராதுன்னு சொன்னது நான்தான்," என்றாள், உட்காராமலே. "பொய். மாத்தி எழுதிக்கோங்க. ஆனா அதுக்காக வீட்டைக் குடுத்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க. அதே தெருவுல, மேட்டுல, கடை போடுற மாதிரி இடத்தை முதல்ல காட்டணும். அதுக்கு முன்னாடி எங்க வீட்டுல ஒரு செங்கல்லக்கூடத் தொடக்கூடாது. இவ பேரும் அதுல இருக்கணும்."

"நியாயம்தாம்மா. அப்படியே அறிக்கையில எழுதுறோம்."

"எழுதுவீங்க. மாநகராட்சியில படிப்பாங்களா?"

பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "அதுல எனக்கும் சந்தேகம்தான். போன தடவை ஒரு தெருவுக்கு எழுதிக் குடுத்தோம். பள்ளத்தை வெட்டினாங்க. ஆளுங்களுக்கு இடம் காட்டல. அதனாலதான் சொல்றேன், கூட்டத்துக்கு நீங்களும் வாங்க. காகிதத்தை மட்டும் நம்பாதீங்க."

சாவிக்காரம்மா அந்த அம்மாளை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னை நம்பச் சொல்லாத ஒரு படித்த ஆளை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மாசக் கடைசிக் கூட்டத்தில் மூன்று பேரும் முன் வரிசையில் இடம் பிடித்தார்கள். தொப்பிக்காரப் பெண் மறுபடியும் தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். மேடையில் உட்கார்ந்திருந்த மாநகராட்சி அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "அந்த மூலை வீட்டுக்காரர் என்ன சொல்றார்?" என்றார்.

சாவிக்காரர் எழுந்தார். பெண்டாட்டி அவர் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "உக்காருங்க. அவ பேசுவா."

சின்னவள் எழுந்து நின்றாள். கூட்டம் காத்திருந்தது. அவள் தொண்டையைக் கனைத்தாள், முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு குரல் வந்தது.

"நாங்க மாறிக்கிறோம். ஆனா முதல்ல இடத்தைக் காட்டுங்க. கடையும் இருக்கணும், தரையும் காஞ்சிருக்கணும். எங்க அண்ணி வந்து பாத்து, சந்தேகம் தீந்து, சரின்னு சொன்ன பிறகுதான் எங்க வீட்டுல கை வைக்கணும்."

"சந்தேகம் தீர எத்தனை நாளாகும்?" என்றார் அதிகாரி.

"அது கொஞ்சம் நாளாகுங்க," என்றார் சாவிக்காரர், உட்கார்ந்தபடியே. "என்மேல இருக்கிற சந்தேகமே அவளுக்கு இன்னும் தீரல."

கூடமே சிரித்தது. பேராசிரியை சிரித்தார், சின்னவள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாவிக்காரம்மா மட்டும் சிரிக்கவில்லை. அதிகாரியின் கை பேனாவை எடுக்கிறதா, நாத்தனார் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறதா என்று கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.